மாணவி நிருபர் சொராரிட்டிக்குள் ஒளிந்து போகலாமா?

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் தெற்குப் பக்கம் வெயில் கொளுத்தும். அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தில், வகுப்புகள் தொடங்கும் நேரத்தில், பெரிய தூண்கள் வைத்த மாளிகைகள் வரிசையாக நிற்கும் தெருவில், பதினெட்டு வயதுப் பெண்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் புது உடை உடுத்திக்கொண்டு, வியர்வையில் மேக்கப் கரையாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கதவு திறக்கும். உள்ளே இருக்கும் பெண்கள் வாசலை அடைத்தபடி, அடுக்கி வைத்த மாதிரி நின்றுகொண்டு, கைதட்டிப் பாடி வரவேற்பார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இந்த வரிசையில் நிற்கும் ஒரு பெண் கல்லூரிப் பத்திரிகையின் நிருபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களைப் போலவே சிரிப்பார், பேசுவார், அறைக்குத் திரும்பியதும் நடந்ததையெல்லாம் எழுதி வைப்பார். இதைத்தான் அண்டர்கவர் என்கிறார்கள். நம் டிவி பாஷையில் ஸ்டிங் ஆபரேஷன், பழைய தமிழில் மாறுவேடம். இது சரியா, இதனால் உண்மை வெளியே வருமா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் வராது. ஏன் என்று புரிய வேண்டுமானால் சொராரிட்டி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். ஆண்களுடையது ஃப்ரட்டர்னிட்டி. இரண்டுக்கும் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைப்பதால் மொத்தத்தையும் கிரீக் லைஃப் என்பார்கள். கிரேக்க நாட்டுக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் எதுவும் இல்லை. பெரிய சொராரிட்டிகள் எல்லாம் தேசிய அமைப்புகள், ஒவ்வொரு கல்லூரியிலும் அவற்றுக்குக் கிளை இருக்கும், பல இடங்களில் சொந்த வீடும் இருக்கும். 1902-ல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இப்போது 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. சரித்திரப்படி இவை வெள்ளையர் சங்கங்கள். கறுப்பினப் பெண்களை இவை சேர்க்காத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கினார்கள். 1908-ல் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்டு இல்லை, இது வாஷிங்டனில் இருக்கும் வேறு பல்கலைக்கழகம்) பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாதான் அதில் முதலாவது. ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அந்தச் சங்கத்தின் உறுப்பினர், துணை அதிபர் தேர்தலில் அந்தச் சகோதரிகள் அவருக்காக எப்படித் திரண்டார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கங்களின் பலம் புரிந்திருக்கும். கறுப்பினச் சங்கங்களில் ஆள் சேர்க்கும் முறையே வேறு. இந்தக் கட்டுரையில் பேசுவது அந்த 26-ன் வழியைப் பற்றி.

நாலு பெண்கள் சேர்ந்து பார்ட்டி வைக்கிற சங்கம்தானே, இதற்கு எதற்குப் புலனாய்வு என்று கேட்கலாம். பார்ட்டி மட்டும் இல்லை. யாரோடு தங்குகிறோம், கல்லூரிக்குப் பிறகு எந்த ஊரில் யார் வேலைக்குச் சிபாரிசு செய்வார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. அலபாமாவில் ஒரு படி மேலே. அங்கே ஃப்ரட்டர்னிட்டிகளும் சொராரிட்டிகளும் சேர்ந்த ஒரு ரகசியக் கூட்டணி பல பத்தாண்டுகளாக மாணவர் தேர்தலையே கையில் வைத்திருக்கிறது, அதற்கு ‘தி மெஷின்’ என்று பெயர். மாணவர் அரசியலில் தொடங்கி மாநில அரசியலுக்குப் போனவர்களும் உண்டு. ஆக வாசலில் யாரைச் சேர்க்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை தனியார் சங்கங்கள். கல்வி நிலையங்களில் பெண், ஆண் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டத்திலிருந்தே 1974-ல் இவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் அதன் கோப்புகளைக் கேட்டு வாங்கலாம், நம்மூர் ஆர்டிஐ மாதிரி. சங்கத்துக்குள் நடந்த வாக்கெடுப்பைக் கேட்க வழி கிடையாது.

சரி, சேர்ப்பது எப்படி? பழைய பெயர் ரஷ், இப்போது மரியாதையாக ரெக்ரூட்மென்ட் என்கிறார்கள். பல நாள் நடக்கும். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம்தான். அடுத்தடுத்த சுற்றில் வீடுகள் குறையும், பேச்சு நீளும். கடைசிச் சுற்றுக்கு ப்ரெஃபரன்ஸ் என்று பெயர், அதில் ஒன்றோ இரண்டோ வீடுதான், மெழுகுவத்தி, கண்ணீர் எல்லாம் உண்டு. உள்ளே பேச்சு நடக்கும் விதம் ஒரு நாடகம் மாதிரி. ஒரு உறுப்பினர் வந்து பேசுவார், சில நிமிடத்தில் இன்னொருவர் வந்து அவர் தோளைத் தட்டி இடத்தை எடுத்துக்கொள்வார், அப்புறம் இன்னொருவர். எதைப் பேசக்கூடாது என்பதற்கும் ஐந்து பி என்று வாய்மொழிச் சட்டம் இருக்கிறது: பாய்ஸ், பூஸ், பைபிள், பாலட், பக்ஸ். அதாவது ஆண்கள், குடி, மதம், அரசியல், பணம். இத்தனையையும் கழித்துவிட்டால் மீதி என்ன இருக்கும்? எந்த ஊர், என்ன படிப்பு, அந்தச் செருப்பு ரொம்ப அழகாக இருக்கிறதே.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று கிளம்புவார்களே, கிட்டத்தட்ட அதே கதை. சிரித்த முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. முடிவு வேறு இடத்தில், வேறு ஆட்கள் நடுவில், நாம் இல்லாதபோது நடக்கும். சொராரிட்டியில் அது அன்றிரவே நடக்கும். பேசிய உறுப்பினர்கள் மதிப்பெண் போடுவார்கள், கூட்டமாக உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்ப்பார்கள். அம்மா, பாட்டி அதே சங்கமா, முன்னாள் உறுப்பினர்கள் யாராவது சிபாரிசுக் கடிதம் கொடுத்திருக்கிறார்களா, இன்ஸ்டாகிராமில் என்ன படம் போட்டிருக்கிறாள், எல்லாம் வரும். அந்தக் கூட்டத்தின் மேல் முன்னாள் உறுப்பினர்களான ஆலோசகர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஐம்பது அறுபது வயதுகூட இருக்கலாம். அவர்கள் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது வெளியே தெரியாது.

கடைசி இரவில் பெண்கள் தங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடுவார்கள், வீடுகளும் பட்டியல் கொடுக்கும், கணினி இரண்டையும் பொருத்தும். மறுநாள் கிடைக்கும் அழைப்புக்குப் பெயர் பிட். (பரீட்சை ஹாலில் சட்டைக் கைக்குள் ஒளித்து வைப்பது வேறு பிட்.) அலபாமாவில் கால்பந்து மைதானத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கத்திக்கொண்டு அவரவர் வீட்டை நோக்கி ஓடுவார்கள். இந்தப் பொருத்தம் பார்க்கும் முறை பொருளாதார அறிஞர்களையே இழுத்திருக்கிறது. 2012-ல் நோபல் பரிசு வாங்கிய ஆல்வின் ராத், 1991-லேயே சூசன் மாங்கெல் என்பவரோடு சேர்ந்து இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிறையப் பெண்கள் பட்டியலில் ஒரே ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டு ரிஸ்க் எடுக்கிறார்கள் என்பது அதில் வரும் சுவாரசியமான விஷயம்.

இப்போது நிருபருக்கு வருவோம். மாறுவேடத்தில் போய்ச் செய்தி எழுதுவது புதிது இல்லை. 1887-ல் நெல்லி பிளை பைத்தியம் பிடித்தவர் மாதிரி நடித்து நியூயார்க்கில் ஒரு மனநலக் காப்பகத்துக்குள் பத்து நாள் இருந்தார், அவர் எழுதியதைப் படித்து ஊரே அதிர்ந்தது. 1977-ல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை ஒரு மதுக்கடையையே விலைக்கு வாங்கி, மிராஜ் என்று பெயர் வைத்து, நிருபர்களையே வேலைக்கு நிறுத்தி, லஞ்சம் வாங்க வந்த இன்ஸ்பெக்டர்களைப் படம் பிடித்தது. படிக்கவே திரில்லாக இருக்கும். ஆனால் அந்தத் தொடருக்குப் புலிட்சர் பரிசு கொடுக்க மறுத்துவிட்டார்கள். பொய் சொல்லி உள்ளே போய் உண்மை எழுதுவது என்ன நியாயம் என்று குழுவிலேயே சண்டை. அதற்குப் பிறகு பெரிய பத்திரிகைகள் இந்த வழியில் தயங்கித் தயங்கித்தான் போயின. அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஒழுக்க விதி சொல்வது சுருக்கமாக இது: மக்களுக்கு மிக முக்கியமான தகவல், வெளிப்படையான வழியில் கிடைக்கவே கிடைக்காது என்றால் மட்டும் ரகசிய வழியைத் தொடு.

இதில் மாணவி நிருபரின் நிலைமை விநோதமானது. நெல்லி பிளைக்குப் பொய்ப் பெயர் வேண்டியிருந்தது. இவருக்கு வேண்டாம். இவர் உண்மையிலேயே அந்தக் கல்லூரி மாணவி, உண்மையான பெயரில் பதிவுக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்க எல்லா உரிமையும் இருக்கிறது. சொல்லாமல் இருப்பது மட்டும்தான் வேடம். அதனால் ‘நான் பொய்யே சொல்லவில்லையே’ என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது ரொம்ப எளிது. எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பது லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர் இல்லை, இருபது வயதுப் பெண். பக்கத்தில் நிற்பவள் நேற்று வீட்டை விட்டு வந்தவள், ஒரு வீடும் கூப்பிடாததால் அழுதுகொண்டே தன் கதை முழுக்க உங்களிடம் சொல்கிறாள், சக மாணவி என்று நம்பி. அதை அச்சில் போடுவீர்களா? பெயரை மாற்றினாலும் அந்த ஹாஸ்டல் மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் யார் என்று தெரிந்துவிடும். நகரத்து நிருபர் வேலை முடிந்ததும் ஊரை விட்டுப் போய்விடலாம், இவர் மறுநாள் காலை அதே கேன்டீனில் அதே முகங்களோடு தட்டை ஏந்தி நிற்க வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போக நினைத்தால், அதாவது பிட் வாங்கிச் சேர்ந்தே விடலாம் என்றால், சிக்கல் கூடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர் என்று அளவு இருப்பதால் நீங்கள் உட்காரும் நாற்காலி இன்னொருத்தி ஆசைப்பட்டதாக இருக்கலாம். கடைசி இரவில் போடும் கையெழுத்து ஒப்பந்தம் மாதிரி. எழுதிக்கொடுத்த வீடு கூப்பிட்டும் மறுத்தால் அந்த வளாகத்தில் ஓராண்டுக்கு இன்னொரு வீட்டில் சேர முடியாது. சேர்ந்தாலோ சந்தா, சாப்பாடு எல்லாம் சேர்த்துச் செமஸ்டருக்கு ஆயிரக்கணக்கில் டாலர், மேலே ரகசியச் சடங்கு, சத்தியம். 2000-களின் தொடக்கத்தில் ஒரு பெண் பத்திரிகையாளர் கல்லூரிப் பெண் போலவே உடுத்திக்கொண்டு ஓராண்டு சொராரிட்டிப் பெண்களோடு சுற்றிப் புத்தகம் எழுதினார். கவனியுங்கள், அவரும் தனியாகச் சாதிக்கவில்லை. உள்ளே இருந்த நான்கு உறுப்பினர்கள் தெரிந்தே உதவினார்கள். கதவைத் திறந்தது வேடம் இல்லை, அந்த நான்கு பேர்.

சட்டப் பக்கமும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். போனில் ரெக்கார்டு போட்டுக்கொண்டு பேசலாமா என்றால் பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலபாமா, நியூயார்க் மாதிரி இடங்களில் பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் குற்றம். நீங்கள் இல்லாத அறையில் ரெக்கார்டரை மறைத்து வைத்துவிட்டு வருவது எல்லா மாநிலத்திலும் வம்புதான். வழக்கு என்று வந்தால் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஃபுட் லயன். ஏபிசி டிவி நிருபர்கள் பொய்யான வேலை அனுபவம் காட்டி அந்த சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்து, ரகசிய கேமராவில் கெட்டுப்போன இறைச்சியை விற்கிறார்கள் என்று 1992-ல் நிகழ்ச்சி போட்டார்கள். நடுவர் குழு தண்டனையாக 55 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 1999-ல் அது வெறும் 2 டாலர் ஆனது. ஜெயித்த மாதிரிதான், ஆனால் ஏழு வருட வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது? ஏபிசி கொடுத்தது. கல்லூரிப் பத்திரிகையால் முடியாது. இப்படி மாட்டிக்கொள்ளும் மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்ய ஸ்டூடன்ட் பிரஸ் லா சென்டர் என்று ஓர் அமைப்பு 1974 முதல் இருக்கிறது. ஐடியா தோன்றிய அன்றே அவர்களைக் கூப்பிடுவது நல்லது, நோட்டீஸ் வந்த பிறகு இல்லை.

சட்டத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஆதாரம். நம் நிருபர் கறுப்பினப் பெண் என்று வைப்போம், முதல் நாளே பல வீடுகள் அவரைக் கழித்துவிட்டன. இனப் பாகுபாடு என்று எழுதலாமா? முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்து இத்தனை பேரைத்தான் திரும்பக் கூப்பிடலாம் என்று ஒரு எண்ணிக்கை கொடுத்துவிடுவார்கள். பெயர் பெற்ற வீடுகள் முதல் நாளே நூற்றுக்கணக்கானவர்களைக் கழித்தே ஆக வேண்டும். உங்களைக் கழித்தது தோலின் நிறமா, அந்தக் கணக்கா, சிபாரிசுக் கடிதம் இல்லாததா? வரவேற்பறையில் சோபாவில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாறுவேடத்தை வைத்துப் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது என்று சொல்லவில்லை. நியூஸ்டே பத்திரிகை 2019-ல் செய்து காட்டியது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வீடு வாங்க வருபவர்களை ஏஜென்ட்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க 25 பேரைப் பயிற்சி கொடுத்து, ரகசிய கேமராவோடு, ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள். ஒரே வருமானம், ஒரே தேவை, நிறம் மட்டும் வேறு. 93 ஏஜென்ட்கள், மொத்தம் மூன்று ஆண்டு வேலை. ஜோடி இருந்ததால் ஒப்பிட முடிந்தது. ரஷ்ஷில் இப்படி ஜோடி செய்ய முடியுமா? ஒரே மாதிரி அம்மா, ஒரே மாதிரி இன்ஸ்டாகிராம், ஒரே மாதிரி சிரிப்பு உள்ள இரண்டு பெண்களை எங்கே பிடிப்பது? தனியாகப் போன ஒரு பெண்ணின் அனுபவம் நல்ல கட்டுரை ஆகலாம், நிரூபணம் ஆகாது.

அப்படியானால் உண்மை எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். வந்தது, அதே அலபாமாவில்.

1963 ஜூன் 11-ம் தேதி, இரண்டு கறுப்பின மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கதவருகே நின்று மறித்தார். உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது. ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பர் 11 அன்று, மாணவர் பத்திரிகையான தி கிரிம்சன் வைட் ஒரு செய்தி போட்டது. எழுதியவர்கள் அபி கிரெய்ன், மாட் ஃபோர்டு. அந்த ஆகஸ்ட் ரஷ்ஷில் வந்த ஒரு கறுப்பினப் பெண், பள்ளியில் இரண்டாம் ரேங்க், பல்கலைக்கழகத்தோடு செல்வாக்கான தொடர்புள்ள குடும்பம், யார் பார்த்தாலும் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆள். 16 சொராரிட்டிகளில் ஒன்றுகூட அவருக்கு பிட் கொடுக்கவில்லை. இதுவரைக்கும் என்றால் மேலே சொன்ன பிரச்சினைதான், கணக்கா நிறமா என்று தெரியாது. செய்தியை வெடிக்கவைத்தது அடுத்த பகுதி. சங்கத்துக்குள் இருந்த பெண்களே பேசினார்கள். தங்களுக்கு அவரைச் சேர்க்க ஆசை இருந்தது, முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே வந்தார்கள், எங்களை வாக்களிக்கக்கூட விடவில்லை என்றார்கள். சிலர் பெயர் சொல்லாமல். ஒருவர் தன் பெயர், தன் சங்கத்தின் பெயர் இரண்டையும் சொல்லியே.

அந்த இரவுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து நின்று, இந்தப் பெண்ணைப் பற்றி ஏன் பேசவே மாட்டேன் என்கிறோம் என்று கேட்டார் என்று செய்தியில் வருகிறது. எந்த மாறுவேட நிருபரும் அந்த அறைக்குள் போயிருக்க முடியாது. அந்த நேரத்தில் ரஷ்ஷுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஹாஸ்டலில், காலையில் எந்த வீடு கூப்பிடும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

விளைவு மளமளவென்று வந்தது. ஒரு வாரத்துக்குள் மாணவர்களும் ஆசிரியர்களும் நிர்வாகக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் ஆள் சேர்ப்பை மறுபடி திறக்கச் சொன்னார். சில நாளில் 11 கறுப்பினப் பெண்களுக்கு பிட் போனது, முதலில் 4 பேர் ஏற்றுக்கொண்டார்கள். சின்ன எண்தான். ஆனால் செய்தியில் ஒரு வரியைக்கூட ‘நீ பொய் சொல்லி வாங்கிய தகவல்’ என்று யாராலும் தள்ள முடியவில்லை.

மாணவி நிருபர் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது இதுதான்: ரஷ்ஷுக்குப் போங்கள், தெரிந்துகொள்ளப் போங்கள், எழுதப் போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். மற்ற நேரத்தில் ரஷ் முடிந்து வெளியே வந்தவர்களைத் தேடுங்கள், கோபத்தோடு சங்கத்தை விட்டவர்களை, ஆலோசகரோடு சண்டை போட்டவர்களை. ராகிங் மாதிரியான விஷயம் என்றால் முதலில் பல்கலைக்கழக வெப்சைட்டைத் திறங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஒரு மத்திய அரசுச் சட்டப்படி எந்தச் சங்கம் ராகிங்கில் சிக்கியது என்பதைக் கல்லூரிகளே வெளியிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அலபாமா ரஷ் பெண்கள் தினமும் என்ன உடுத்தினோம் என்று டிக்டாக்கில் போட்ட வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. அடுத்த ஆண்டு ஒரு ஆவணப்படக் குழு அங்கே வந்தது. ரஷ்ஷுக்கு வரும் சில பெண்கள் உடைக்குள் மைக் வைத்திருக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. நாங்கள் யாருக்கும் மைக் மாட்டி உள்ளே அனுப்பவில்லை என்று படக்குழு மறுத்தது. அதற்குள் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், டிக்டாக்கில் இவள்தான் அவள்தான் என்று விரல் நீட்டல் வேறு. உறுப்பினர்களோ, கேமரா முன் பேசினால் சங்கத்தை விட்டே நீக்கிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் முன்பு பெயர் சொல்லிப் பேச ஒருத்தி இருந்த அதே தெருவில்.